சமச்செலவுப் பல்வழிப் பகிர்வு: இணையத் திசைவிப்பின் வரலாற்றில் ஒரு சமரசம்

ஆய்வுச்சுருக்கம்

சேருமிடம் ஒன்றுக்குச் செலவில் சமமான பல வழிகள் இருக்கும்போது, தரவுப் போக்குவரத்தை அவ்வழிகளுக்கிடையே பங்கிட்டு அனுப்பும் முறை சமச்செலவுப் பல்வழிப் பகிர்வு எனப்படும். இன்றைய தரவு மையங்களும் இணையச் சேவை வலையமைப்புகளும் இம்முறையைச் சார்ந்தே இயங்குகின்றன. இம்முறை இரண்டு முடிவுகளின்மேல் எழுந்தது. வழியின் செலவை அளந்தறியாமல் அறிவித்து வைப்பது முதல் முடிவு; ஓட்டத்தின் பருமனைப் பாராமல் பங்கிடுவது இரண்டாம் முடிவு. இவை அறியாமையால் நேர்ந்தவை அல்ல, நிலைத்தன்மைக்காக அறிந்தே ஏற்கப்பட்டவை என்பதையும், பிற்காலத்தில் எழுந்த சிக்கல்கள் அவற்றின் விலையே என்பதையும் இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: திசைவி, பொதி, ஓட்டம், சமச்செலவு, ஹாஷ் சார்பு, தரவு மையம், ஓ.எஸ்.பி.எஃப்.

முன்னுரை

இணையத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் தரவு, சிறு சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. வழியிலுள்ள ஒவ்வொரு திசைவியும் பொதியின் சேருமிட முகவரியைப் பார்த்து, அதனை அடுத்த திசைவியிடம் ஒப்படைக்கிறது. அடுத்தது எது என்பதைச் செலவு குறைந்த வழியைக் கணித்து அது முன்னரே முடிவு செய்து வைத்திருக்கும். அத்தகைய வழி ஒன்றே இருப்பின் சிக்கல் இல்லை. இரண்டோ நான்கோ வழிகள் சம செலவில் அமையுமாயின், ஒன்றை மட்டும் தேர்ந்து மற்றவற்றை வெறுமையாக விடுவதா, எல்லாவற்றையும் பயன்படுத்துவதா என்னும் வினா எழுகிறது. பயன்படுத்துவதாயின், எதனை அலகாகக் கொண்டு பங்கிடுவது என்பது அடுத்த வினா.

தொழில்நுட்ப வரலாறுகள் பெரும்பாலும் அறியாமையிலிருந்து அறிவை நோக்கிய ஏறுமுகமாக எழுதப்படுகின்றன. பல்வழிப் பகிர்வின் வரலாறு அவ்வாய்பாட்டுக்குள் அடங்குவதில்லை. மிகச் சிறந்த பகிர்வு எது என்பது கோட்பாட்டளவில் முதலில் அறியப்பட்டது. அதனினும் எளிய முறை பின்னர் வந்து நிலைபெற்றது. இம்முரணின் காரணங்களைத் தேடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

அளந்தறிந்த செலவும் ஆர்ப்பாநெட்டின் ஊசலாட்டமும்

1969-ஆம் ஆண்டின் இறுதியில் நான்கு நிலையங்களை இணைத்துத் தொடங்கிய ஆர்ப்பாநெட், வழியின் செலவை அளந்தறிந்தது. ஒவ்வொரு நிலையமும் தன் வெளிவாயிலில் காத்திருக்கும் பொதிகளின் வரிசை நீளத்தைக் கொண்டு தாமதத்தை மதிப்பிட்டது. அண்டை நிலையங்களுடன் அம்மதிப்பீட்டை ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் பகிர்ந்துகொண்டது. வரிசை நீளம் கணந்தோறும் மாறுவதால் வழிகளும் ஓயாமல் மாறின.

இக்குறையைக் களைய பி.பி.என். நிறுவனத்தைச் சேர்ந்த மெக்குவிலன், ரிச்சர், ரோசன் ஆகியோர் வகுத்த புதிய முறை 1979-இல் நடைமுறைக்கு வந்தது. அது பற்றிய கட்டுரை 1980-இல் வெளியாயிற்று. இதன்படி ஒவ்வொரு நிலையமும் வலையமைப்பின் முழு வரைபடத்தையும் வைத்துக்கொண்டு, குறைந்த செலவுள்ள வழியைத் தானே கணித்தது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறுவழிக் கணிப்புமுறை இதற்கு அடிப்படையாயிற்று. ஆயினும் செலவு இன்னும் அளந்தறியப்படும் தாமதமாகவே இருந்தது. அளவீடு பத்து நொடிகளின் சராசரியாக மாறியது மட்டுமே வேறுபாடு.

போக்குவரத்து குறைவாக இருந்தவரை இம்முறை நன்கு இயங்கியது. சுமை மிகுந்தபோது புதிய கோளாறு தோன்றியது. இரு பகுதிகளை இரண்டு இணைப்புகள் மட்டுமே சேர்க்கின்றன எனக் கொள்வோம். முதல் இணைப்பில் நெரிசல் ஏற்பட்டால் அதன் தாமதம் உயர்கிறது. அச்செய்தி பரவியதும் எல்லா நிலையங்களும் ஒரே வேளையில் இரண்டாம் இணைப்புக்கு மாறுகின்றன. உடனே இரண்டாவது நெரிய, முதலாவது வெறுமையாகிறது. அடுத்த அளவீட்டில் அனைத்தும் திரும்பி வருகின்றன. இரண்டு இணைப்புகள் இருந்தும் எக்கணத்திலும் ஒன்றே பயன்பட்டது. இந்த ஊசலாட்டத்தைத் தணிக்க 1987-இல் செலவின் வரையறை திருத்தப்பட்டது. அதனை விளக்கி 1989-இல் கன்னா, சிங்கி ஆகிய இருவர் எழுதிய கட்டுரை, செலவு ஒரு வரம்புக்குள் மெல்ல மட்டுமே மாறவேண்டும் என்னும் படிப்பினையை முன்வைத்தது.

இங்கு ஒரு நுட்பம் கருதத்தக்கது. செலவு என்பது அளந்தறியும் தாமதமாக இருக்கும்வரை, இரு வழிகள் சமமாக இருப்பது தற்செயலே. இருந்தாலும் அடுத்த அளவீடுவரைதான். ஆகவே சமச்செலவு என்னும் கருத்தே அக்காலத்தில் வேரூன்ற இடமில்லை. செலவை அளப்பது கைவிடப்பட்ட பின்னரே அது பிறக்க முடிந்தது.

அறியப்பட்டிருந்த உகந்த விடை

போக்குவரத்தைப் பல வழிகளுக்கிடையே எவ்விகிதத்தில் பிரித்தால் மொத்தத் தாமதம் மிகக் குறைவாகும் என்னும் வினாவுக்கு ராபர்ட் கேலகர் 1977-இலேயே விடை தந்திருந்தார். மைய அதிகாரம் எதுவுமின்றி, ஒவ்வொரு நிலையமும் அண்டை நிலையங்களுடன் தாமதம் பற்றிய தகவலைப் பரிமாறி, படிப்படியாக உகந்த விகிதத்தை அடையலாம் என அவர் நிறுவினார். ஆனால் அம்முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. விகிதங்கள் உகந்த நிலையை எட்டுவதற்குள் போக்குவரத்தின் இயல்பு பெரிதும் மாறிவிடக் கூடாது. கணினிகளின் போக்குவரத்தோ திடீரெனப் பெருகித் திடீரென அடங்குவது.

இணையத்தின் பொது நெறிமுறைகள் கேலகரின் வழியை ஏற்கவில்லை. அவ்விடை தெரிந்திருந்த காலத்திலேயே அதனினும் எளிய முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. எனவே பின்வந்த முறையை அறியாமையின் விளைவு எனக் கொள்வது பொருந்தாது.

அறிவிக்கப்பட்ட சமம்: ஓ.எஸ்.பி.எஃப்.

ஜான் மோய் எழுதிய ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையின் முதல் வரையறை 1989 அக்டோபரில் ஆர்.எஃப்.சி. 1131 ஆக வெளிவந்தது. 1991-இல் அதன் இரண்டாம் பதிப்பும், 1998-இல் இன்றும் அடிப்படையாக விளங்கும் ஆர்.எஃப்.சி. 2328-உம் வந்தன. ஆர்ப்பாநெட்டின் வரைபட முறையை இந்நெறிமுறை தக்கவைத்துக்கொண்டது. அளந்தறியும் செலவைக் கைவிட்டது. ஒவ்வொரு இணைப்புக்கும் வலையமைப்பின் நிர்வாகி ஓர் முழு எண்ணைச் செலவாகக் குறித்து வைக்கிறார். இணைப்பில் நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ்வெண் மாறுவதில்லை. இணைப்பு அறுதல் போன்ற மாற்றங்கள் நேர்ந்தால் மட்டுமே வழிகள் மீண்டும் கணிக்கப்படுகின்றன.

சிறு முழு எண்களைக் கூட்டும்போது சம மதிப்புகள் அடிக்கடி நேர்கின்றன. நிர்வாகி விரும்பினால் வேண்டுமென்றே சமமாக்கவும் இயலும். அவ்வாறு பல வழிகள் சம செலவில் அமைந்தால், போக்குவரத்தை அவற்றுக்கிடையே சமமாகப் பங்கிடலாம் என்பது இந்நெறிமுறையின் இயல்புகளுள் ஒன்றாயிற்று. சமம் என்பது இங்கு அறிவிக்கப்பட்ட நிலை. வழிகளின் உண்மை நிலையை அது காட்டுவதில்லை.

இச்சமத்தின் எல்லையும் குறுகியது. திசைவி, தனக்கு அடுத்துள்ள திசைவிகளுக்கிடையே மட்டும் சமமாகப் பங்கிடுகிறது. அடுத்துள்ள இரண்டில் ஒன்றின் பின்னால் மூன்று வழிகளும் மற்றதன் பின்னால் ஒரு வழியும் இருந்தாலும், பாதிக்குப் பாதியாகவே பிரிக்கும்.

இந்த எளிமைக்குள்ளும் திறமையான ஆளுகை இயலும் என்பதை 2000-ஆம் ஆண்டில் பெர்னார் ஃபோர்ட்ஸ், மிக்கேல் தோரப் ஆகியோர் காட்டினர். சம பகிர்வை மாற்றாமல், இணைப்புகளின் செலவு எண்களை மட்டும் தேர்ந்து அமைத்து, உகந்த நிலைக்கு நெருங்கிய பகிர்வை அவர்கள் எட்டினர். மிகச் சிறந்த எண்களைக் கண்டறிவது கணிப்பியல் அடிப்படையில் மிகக் கடினமானது என்பதையும் அவர்கள் மெய்ப்பித்தனர். அளவீடு திசைவியிலிருந்து விலகித் திட்டமிடுவோரின் மேசைக்குச் சென்றது என இதனைக் கூறலாம்.

பங்கீட்டின் அலகு: பொதியா, ஓட்டமா?

எவ்வாறு பங்கிடுவது என்பதை ஓ.எஸ்.பி.எஃப். வரையறுக்கவில்லை, அது திசைவியைச் செய்வோருக்கு விடப்பட்டது. முதல் பொதியை முதல் வழியிலும் இரண்டாம் பொதியை இரண்டாம் வழியிலும் எனச் சுழற்சி முறையில் அனுப்பினால் பகிர்வு மிகச் சீராக அமையும். ஆனால் இதற்குக் குறுக்கே டி.சி.பி. நின்றது.

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையிலான தரவு வேகம், நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டாக வீழ்ந்தது. இந்நெரிசல் வீழ்ச்சியை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன் 1988-இல் முன்வைத்த தீர்வுகள் டி.சி.பி.யின் பகுதியாயின. அவற்றின் மையக் கருத்து, பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அடையாளமாகக் கொண்டு வேகத்தைக் குறைப்பது. பின்னர் சேர்ந்த விரைவு மறு அனுப்புகை முறையில், ஒரே ஒப்புகையின் நகல்கள் மூன்று வந்தால் பொதி தொலைந்ததாக அனுப்புநர் முடிவு செய்கிறார்.

வெவ்வேறு வழிகளின் தாமதம் வெவ்வேறானது. சுழற்சி முறையில் அனுப்பிய பொதிகள் வரிசை மாறி வந்து சேர்கின்றன. பின்னால் வரவேண்டியவை முன்னால் வந்தால் பெறுநர் நகல் ஒப்புகைகளை அனுப்புகிறார். எதுவும் தொலையாதபோதும் அனுப்புநர் தொலைந்ததாகக் கருதி வேகத்தைக் குறைக்கிறார். கூடுதல் வழி கிடைத்தும் தரவு மெதுவாகச் செல்லும் நிலை இது.

இதற்குக் கண்ட தீர்வு, பொதியை விடுத்து ஓட்டத்தை அலகாகக் கொள்வது. இரு முனைகளின் முகவரிகள், அவற்றின் போர்ட் எண்கள், நெறிமுறை எண் ஆகிய ஐந்தும் ஒத்த பொதிகள் ஓர் ஓட்டம். திசைவி இவ்வைந்தையும் ஹாஷ் சார்பு ஒன்றில் இடுகிறது. எவ்வளவு ஒழுங்காக அமைந்த உள்ளீட்டையும் ஒழுங்கற்ற எண்ணாக மாற்றித் தருவது ஹாஷ் சார்பு. ஆயினும் ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே எண்ணையே தரும். அவ்வெண் வழியைத் தீர்மானிக்கிறது. எனவே ஓர் ஓட்டத்தின் பொதிகள் எல்லாம் ஒரே வழியில், வரிசை மாறாமல் செல்கின்றன.

இம்முறையின் பெருஞ்சிறப்பு, திசைவி எதனையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை என்பது. நொடிக்கு 100 கிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய பொதிகள் வந்தால் அவை நொடிக்கு ஏறத்தாழ 14.88 கோடி, ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் ஏழு நானோநொடிக்கும் குறைவு. அக்கால அளவில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பதிவேடு புரட்டுவது அரிது. ஹாஷ் கணிப்பது எளிது.

2000 நவம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 2991, 2992 ஆகிய இரு ஆவணங்கள் இம்முறையை ஆய்வுக்கு உட்படுத்தின. முன்னதை டேவ் தேலரும் கிறிஸ்டியன் ஹாப்ஸும், பின்னதை ஹாப்ஸும் எழுதினர். வழிகளின் எண்ணிக்கை மாறும்போது எத்தனை ஓட்டங்கள் இடம்பெயர்கின்றன என்பது அவர்களின் முக்கிய அளவுகோல். நான்கு வழிகளுள் ஒன்று அறுந்தது எனக் கொள்வோம். அறுந்த வழியில் சென்ற கால்பங்கு ஓட்டங்கள் இடம்பெயர்வது தவிர்க்க இயலாதது. ஹாஷ் எண்ணை வழிகளின் எண்ணிக்கையால் வகுத்து மீதியைக் கொள்ளும் முறையில், முக்கால்பங்கு ஓட்டங்கள் இடம்பெயர்கின்றன. எண்வெளியைத் தொடர்ச்சியான பகுதிகளாகப் பிரிக்கும் முறையில், அறுந்த வழியின் இடத்தைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கோ பாதியோ இடம்பெயர்கின்றன. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனியே எண் கணித்துப் பெரியதைத் தேரும் முறையில் கால்பங்கு மட்டுமே. கணிப்பின் எளிமை கருதி ஆர்.எஃப்.சி. 2992 ஆராய்ந்து விளக்கியது இடைப்பட்ட பகுதிமுறையை.

பாராமையின் விலை

ஹாஷ் சார்பு ஓட்டத்தின் பெயரை மட்டும் பார்க்கிறது, பருமனைப் பார்ப்பதில்லை. சிறிய ஓட்டங்கள் பல்லாயிரமாக இருக்கும்போது பகிர்வு ஏறக்குறைய சமமாகவே அமையும். பெரிய ஓட்டங்கள் சிலவாக இருக்கும்போது நிலைமை மாறுகிறது. நான்கு பேரோட்டங்கள் நான்கு வழிகளில் ஒவ்வொன்றாக அமைவதற்கான வாய்ப்பு 256-இல் 24. அதாவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. எஞ்சிய நிலைகளில் குறைந்தது இரண்டு ஓட்டங்கள் ஒரே வழியில் நெருக்குண்டு, வேறொரு வழி வெறுமையாகக் கிடக்கும்.

இரண்டாம் சிக்கல் ஒருமுகப்படுதல். அடுத்தடுத்த இரு நிலைகளில் உள்ள திசைவிகள் ஒரே ஹாஷ் சார்பைப் பயன்படுத்துவதாகக் கொள்வோம். முதல் நிலையில் இரட்டைப்படை எண் பெற்ற ஓட்டங்கள் ஒரு திசைவிக்குச் செல்கின்றன. அங்கும் அதே சார்பு அவற்றுக்கு இரட்டைப்படை எண்ணையே தருவதால், அனைத்தும் ஒரே இணைப்பில் செல்கின்றன. நான்கு வழிகளுள் இரண்டு பயன்படாமலே போகின்றன. திசைவி ஒவ்வொன்றுக்கும் தனித்த தொடக்க எண் ஒன்றைக் கொடுத்து, ஹாஷ் முடிவுகளை வேறுபடுத்துவது இதற்கான மாற்று.

மூன்றாம் சிக்கல் கோளாறு கண்டறிவோரைப் பாதித்தது. பொதி செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் என்னும் கருவி, ஒவ்வொரு சோதனைப் பொதியிலும் போர்ட் எண்ணை மாற்றியது. பல்வழிப் பகிர்வின் பார்வையில் அவை தனித்தனி ஓட்டங்கள். எனவே தனித்தனி வழிகளில் சென்றன. இல்லாத இணைப்புகளும் இல்லாத சுழல்களும் இருப்பதாகக் கருவி காட்டியது. 2006-இல் பாரிஸ் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, ஓட்டத்தை அடையாளம் காட்டும் புலங்களை மாற்றாமல் சோதிக்கும் பாரிஸ் டிரேஸ்ரூட்டை உருவாக்கியது. அதனைத் தொடர்ந்த 2007-ஆம் ஆண்டு ஆய்வில், அளக்கப்பட்ட மூலம்–சேருமிட இணைகளுள் 39 விழுக்காடு பகிர்வுத் திசைவியைக் கடந்து சென்றமை தெரியவந்தது. இரு கணினிகளுக்கிடையே ஒரு வழி உண்டு என்னும் பழைய கருத்து அத்துடன் செல்லாதாயிற்று. பயனர் ஒருவருக்கு இணைப்பு தடைபட, அதே இடத்திலிருந்து சோதிக்கும் பொறியாளருக்கு எல்லாம் சரியாகத் தெரியும் நிலை இதன் தொடர்ச்சியே. பழுதான வழி ஒன்றேயாயின், அதில் விழுந்த ஓட்டங்கள் மட்டுமே அதனை உணரும்.

தரவு மையமும் பெருகிய வழிகளும்

தொலைபேசி நிலையங்களுக்காக சார்லஸ் குளோஸ் 1953-இல் வகுத்த பல அடுக்கு இணைப்பு முறையும், சார்லஸ் லெய்சர்சன் 1985-இல் முன்வைத்த கொழுமர அமைப்பும் தரவு மையங்களில் புத்துயிர் பெற்றன. 2008-இல் அல்-ஃபாரஸ், லூக்கிசாஸ், வாதத் ஆகியோர், விலையுயர்ந்த பெரும் கருவிகளுக்கு மாற்றாக, எளிய சிறு கருவிகளை அடுக்கி வலையமைப்பு கட்டலாம் எனக் காட்டினர். 48 வாயில்கள் கொண்ட கருவிகளால் 27,648 கணினிகளை இணைக்கலாம். வெவ்வேறு தொகுதிகளில் உள்ள இரு கணினிகளுக்கிடையே 576 சமச்செலவு வழிகள் அமையும். அதுவரை ஒரு துணை வசதியாக இருந்த பல்வழிப் பகிர்வு, இங்கு அமைப்பின் உயிர்நாடியாயிற்று. அது செம்மையாக இயங்காவிடில் இவ்வழிகள் இருந்தும் இல்லாதவையே.

பாராமையின் விலையும் இங்கேதான் வெளிப்படையாயிற்று. அதனைக் குறைக்க மூன்று திசைகளில் முயற்சிகள் எழுந்தன. முதலாவது, மையத்திலிருந்து பார்ப்பது. 2010-இல் வெளியான ஹெடேரா, பேரோட்டங்களை மட்டும் கண்டறிந்து அவற்றுக்குத் தனி வழி ஒதுக்கியது. இரண்டாவது, அலகைச் சிறிதாக்குவது. ஓட்டத்தின் பொதிகள் கொத்துக் கொத்தாகவே வருகின்றன. இரு கொத்துகளின் இடைவெளி, வழிகளின் தாமத வேறுபாட்டைவிட மிகுதியாயின், அடுத்த கொத்தை வேறு வழியில் அனுப்பினாலும் வரிசை குலையாது. கந்துலா, கட்டாபி முதலியோர் வளர்த்த இக்கருத்தை, 2014-இல் வந்த காங்கா, நெரிசல் அளவீட்டுடன் இணைத்தது. மூன்றாவது, பார்வையை முனைகளுக்குத் தருவது. 2013-இல் ஆர்.எஃப்.சி. 6824 வரையறுத்த பல்வழி டி.சி.பி., ஓர் இணைப்பையே பல துணையோட்டங்களாகப் பிரித்து, நெரிசல் குறைந்ததில் மிகுதியாக அனுப்பியது.

இவ்வளவுக்குப் பின்னும் பழைய முறை அகலவில்லை. 2016-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 7938, பெரிய தரவு மையங்களின் வடிவமைப்பில் சமச்செலவுப் பல்வழிப் பகிர்வையே அடித்தளமாகக் கொண்டது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக் கூடங்கள் அவ்வடித்தளத்தை மீண்டும் அசைத்துள்ளன. அங்கு ஓட்டங்கள் மிகச் சில. ஒவ்வொன்றும் மிகப் பெரிது. எல்லாக் கருவிகளும் மிக மெதுவான ஓட்டத்துக்காகக் காத்திருப்பவை. மெட்டா நிறுவனப் பொறியாளர்கள் 2024-இல் வெளியிட்ட ஆய்வு, இச்சூழலில் வழக்கமான ஹாஷ் பகிர்வு போதாமையையும், ஓட்டங்களைச் செயற்கையாகப் பலவாக்கி ஹாஷுக்குக் கூடுதல் புலத்தைத் தந்து நிலைமையைச் சீர்செய்ததையும் விளக்கியது. 2025 ஜூனில் வெளியான அல்ட்ரா ஈதர்நெட் வரையறையோ, பொதிகளை எல்லா வழிகளிலும் தெளித்து, வரிசை குலைந்து வருவதைப் பெறுமுனை ஏற்குமாறு அமைத்தது. பொதி மீண்டும் அலகாயிற்று.

முடிவுரை

பல்வழிப் பகிர்வின் வரலாற்றில் இரண்டு துறவுகள் அமைந்துள்ளன. ஊசலாட்டத்திலிருந்து தப்ப, வழிகளின் உண்மை நிலையைப் பார்ப்பது கைவிடப்பட்டது. டி.சி.பி.யின் வரிசை ஒழுங்கைக் காக்க, ஓட்டத்தின் பருமனைப் பார்ப்பது கைவிடப்பட்டது. இவ்விரண்டும் இணையத்துக்கு நிலைத்தன்மையையும் பெருகும் திறனையும் தந்தன. மோதல், ஒருமுகப்படுதல், மறைந்த பழுது ஆகியவை அவற்றுக்குக் கொடுத்த விலை.

பின்வந்த முயற்சிகள் ஒவ்வொன்றும் இழந்த பார்வையில் ஒரு பகுதியை மீட்டன. அதற்காக நினைவகத்தையோ மையக் கட்டுப்பாட்டையோ முனைகளின் உழைப்பையோ செலவிட்டன. பொதியை அலகாகக் கொண்ட பகிர்வு இன்று மீண்டு வருவதற்கும், திசைவிகள் அறிவு பெற்றமையைவிட, வரிசை ஒழுங்கைப் பற்றிய முனைகளின் எதிர்பார்ப்பு மாறியமையே முதற்காரணம். ஆகவே ஒரு பகிர்வு முறையை மதிப்பிடும்போது, அது எவ்வளவு சமமாகப் பங்கிடுகிறது என்பதுடன், அச்சமத்துக்காக எதனைப் பாராமல் விட்டது, அதன் விலையை எம்முனையில் யார் ஏற்கிறார் என்பதையும் சேர்த்தே வினவ வேண்டும்.